கமா நிறைந்த மேல்முறையீடு

இன்று எங்கள் டைப்பிங் கடைக்குக் கோட்டையூரிலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர் வந்தார். பனிமலையில் காவல் நின்று நுரையீரல் கெட்டுப்போனவர்.

'பாதிப்பு லேசானதுதான்' என்று அவருடைய ஊன ஓய்வூதிய மனுவைத் தள்ளிவிட்டார்களாம்.

மேல்முறையீட்டை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

பிரிண்டைப் பார்த்தவர், "என்னத்தா, வார்த்தைக்கு வார்த்தை கமா போட்டிருக்க?" என்றார்.

"நீங்க மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நிறுத்துனீக பெரியப்பா, நானும் கமா போட்டுட்டேன். எடுத்துர்றேன்."

"ஒண்ணக்கூட எடுக்காத. படிக்கிற ஆபீசருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்!"

சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார்.

பள்ளியில் கண்ட இடத்தில் கமா போட்டதற்கு எனக்கு மார்க் குறைத்த தமிழ் டீச்சரும் இந்த முகநூல் நட்பு வட்டத்தில் இருக்கிறார்.

டீச்சர், இது பிழையில்லை, மெடிக்கல் சர்டிபிகேட். என்ன சொல்றீக?