மணக்கிற சிலிக்கன்

கொட்டாஞ்சேனையில் மெற்றில்டாவின் மாடிவீட்டுக் குளியலறையில் ஒரு மூலை உண்டு. அதில் யாரையும் அவள் கைவைக்க விடமாட்டாள். டைல்ஸ் சுவரும் தரையும் சேருமிடத்தில் தண்ணீர் கசியாமல் அடைத்திருந்த வெள்ளைச் சிலிக்கன் பசைக் கோடு அந்த மூலையில் முடிந்தது. முடிவில் ஒரு பெருவிரல் அடையாளம், ரேகையெல்லாம் தெரிய. மகன் கிளறன்ஸின் விரல். சவர்க்காரத் தண்ணீரில் விரலைத் தோய்த்துக் கோட்டை வழித்துக்கொண்டு வந்தவன், கடைசியில் வேண்டுமென்றே ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, "அம்மா, கையெழுத்துப் போட்டிட்டன்" என்று சிரித்தான்.

அன்றைக்கு வீட்டில் என்ன கூத்து! சிலிக்கன் காயும்வரை வினாகிரியைக் கொட்டினதுபோலப் புளிப்பு மணம். "ஆரடா போத்தலைக் கவிட்டது?" என்று அடுப்படியிலிருந்து மெற்றில்டா கத்தினாள். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த தகப்பன் றேமண்ட், "டேய் கிளறன்ஸ், மூக்கு எரியுது, ஜன்னலைத் திறடா!" என்று தன் பங்குக்குச் சத்தம் போட்டார்.

அடுத்த மாதம், மருதானையில் அலுமினியக் கடை வேலை முடித்து வந்த பிள்ளையைச் சந்தியில் வைத்து யாரோ ஒரு வெள்ளை வான் வண்டியில் இழுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த 2007ஆம் ஆண்டு அது. கண்டவர்கள் அன்று பின்னேரம் வந்து சொன்னார்கள். மறுநாள் கேட்டால், காணவேயில்லை என்றார்கள். பாவம், அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மகனைத் தேடி மெற்றில்டா ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை, கந்தோர் இல்லை. றேமண்டும் சில வருஷம் கூடவே அலைந்தார். பிறகு ஒருநாள், "போனவன் போயிட்டான். ஒரு பூசை ஒப்புக்குடுப்பம்" என்றார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் செத்தவைக்கு வைக்கிற பூசையோ?" என்று அவள் பாய்ந்த பாய்ச்சலில் மனுஷன் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு மகனின் பெயரே அவர் வாயில் வரவில்லை. இதுவும் ஒரு தகப்பனோ என்று அவள் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

குளியலறைச் சிலிக்கன் கோட்டில் பூஞ்சணம் பிடித்தது. பிளீச் ஊற்றினால் விரல் அழிந்துவிடுமென்று அவள் பழைய பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித்தான் தேய்த்தாள். வெடிப்பு விழுந்த இடத்தில் அடையாளத்தை விட்டுவிட்டு, பழசுக்கு மேலேயே புதுச் சிலிக்கனை அப்பினாள். அது நின்றால்தானே! சில மாதத்தில் தோல் உரிந்த மாதிரிக் கழன்று வந்தது.

இந்த மாரியில் கீழ்வீட்டு ஸைனம்பு படியேறி வந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒங்கட பாத்ரூம் தண்ணி எங்கட மாமிட கட்டிலுக்கு நேராச் சொட்டுது." படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனுசி. மூலையின் கதை தெரிந்ததால், கட்டிலை அங்கும் இங்கும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸைனம்பு சொல்ல வந்திருக்கிறாள். மெற்றில்டாவுக்கு வெட்கத்தில் முகம் சுண்டிப்போயிற்று.

ஹாட்வெயர் கடை பலீல் நானா நேரே சொல்லிவிட்டார். "பழசுக்கு மேல எத்தின டியூப் அடிச்சாலும் பிடிக்காது தங்கச்சி. அடியோட எடுத்து, துடைச்சு, நல்லாக் காயவிட்டுத்தான் புதுசு அடிக்கோணும்." இரண்டு டியூபை முன்னால் வைத்தார். "இது பாத்ரூமுக்கெண்டே வாரது. பூஞ்சணமும் லேசில வராது, மணமும் இல்ல. மத்தது வினாகிரி மாதிரி மணக்கும்."

"மணக்கிறதைத் தாங்கோ, நானா."

பலீல் நானா அவள் முகத்தைப் பார்த்தார். மணக்கிற டியூபைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

வேலைக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை. தானே பிளேட்டை எடுத்துக்கொண்டு மூலையில் குந்தினாள். எப்படி வெட்டப்போகிறேன் என்று பிளேட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். வெட்ட வேண்டியே வரவில்லை. நுனியைத் தூக்கியதும் கோடு முழுவதும் கையோடு வந்துவிட்டது. எத்தனை காலமாகவோ அது சுவரில் ஒட்டியிருக்கவே இல்லை, சும்மா கிடந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்து ரேகையைத் தேடினாள். கறுப்புப் புள்ளிகள்தான் இருந்தன. அந்த ஈரத் தரையிலேயே இருந்து வாய்விட்டு அழுதாள்.

மூலையைத் துடைத்துக் காயவிட்டு, மறுநாள் காலையில் டியூபின் மூக்கைச் சரிவாக வெட்டிப் புதுக்கோடு அடித்தாள். சவர்க்காரத் தண்ணீரில் பெருவிரலைத் தோய்த்து, அவன் செய்ததுபோலவே வழித்துக்கொண்டு வந்தாள். மணம் குப்பென்று எழும்பி வீடெல்லாம் பரவியது.

முன்னறையில் சாய்கதிரையில் கண்ணயர்ந்திருந்த றேமண்டின் குரல் கேட்டது.

"டேய் கிளறன்ஸ், மூக்கு எரியுது, ஜன்னலைத் திறடா!"

மெற்றில்டாவின் விரல் அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்து றேமண்ட் குளியலறை வாசலுக்கு வந்தார். கை வாயைப் பொத்தியிருந்தது. "தெரியாமல் வாயில வந்திட்டுது, மெற்றில்டா" என்றவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பத் தொடங்கினார்.

இவர் பிள்ளையை எப்போதோ புதைத்துவிட்டார் என்றல்லவா அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்! அவருக்குள்ளே அவன் இன்னும் குளியலறையில்தான் நின்றிருக்கிறான்.

மெற்றில்டா எழும்பினாள். சிலிக்கன் பட்ட கையோடேயே போய் ஜன்னல் கொளுக்கியைத் தட்டிவிட்டாள்.

"திறந்தாச்சப்பா" என்றாள்.