கணவன் கடலில், குளிசை கையில்

ஜெசிக்காவின் கணவன் டிலக்‌ஷன் சிலாபத்திலிருந்து பலநாள் படகில் போகிறவன். போனால் இருபத்தைந்து நாள் கடல்; வந்தால் ஐந்து நாள் வீடு. இரண்டாவது பிள்ளையையும் அவளுக்கு வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். "இவனுக்கு மூன்று வயதாகும்வரை இன்னொன்று வேண்டாம். தையல் தாங்காது" என்றார் டொக்டர். பிள்ளைக்கு ஒரு வயதானதும் மிட்வைஃப் றம்ஸியா கருத்தடைக் குளிசை அட்டையைக் கொடுத்தாள், நாளுக்கு ஒன்று என்று.

ஜெசிக்கா, கணவன் வீட்டில் நிற்கும் நாட்களில் மட்டும் போட்டாள். மறதியால் அல்ல. கரையோரக் கருவாட்டு வாடியில் அவளோடு மீன் காயவைக்கும் மாமியார் மாக்கிறட் முதல் நாளே கேட்டுவிட்டாள்: "புருஷன் கடல்ல. ஆருக்காண்டி, பிள்ளை, குளிசை?" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் மாதம் எல்லாம் குழம்பியது. எதிர்பாராத நாளில் இரத்தம் பட்டது. வரவேண்டிய நாளில் வரவில்லை. பத்து நாள் தள்ளிப்போனதும், தழும்பைத் தடவியபடி கிளினிக்குக்குப் போனாள். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. கதிரையில் இருந்து அழுதாள்.

"இது தலையிடிக் குளிசையா, நொந்தா மட்டும் போட?" என்றாள் றம்ஸியா. "நாளாந்தம் போட்டாத்தான் சூலகம் முட்டையை வெளியில விடாது. அஞ்சு நாளைக்கு அது அடங்குமா, தங்கச்சி? விட்டு விட்டுப் போட்டதாலதான் ரத்தமும் கண்டபாட்டுக்கு வந்திருக்கு. ஒழுங்காப் போட்டா, கடைசி ஏழு மண்ணிறக் குளிசை, அந்த இரும்புச்சத்துக் குளிசை, போடக்குள்ள வரும். கொஞ்சமாத்தான் வரும்."

"மிச்சம் உள்ளுக்க தேங்காதா, மிஸ்?"

"தேங்க என்ன இருக்கு? கர்ப்பப்பையின்ட உள்தோலே மெல்லிசாத்தான் வளரும். இப்ப தாற புது அட்டையில முதல் ஏழு நாளும் மட்டும் கவனம், ஆணுறையும் வேணும்."

மறுநாள் பத்து மணித் தேநீருக்கு, எல்லோரும் பார்க்க ஜெசிக்கா அட்டையை எடுத்தாள்.

"படகு வர இன்னும் இருபது நாள் கிடக்கு!" என்றாள் மாக்கிறட்.

"மீன் வாற அன்றைக்கோ மாமி கிழிஞ்ச வலை பொத்துறது?"

இந்த முறை சிரிப்பு மாமியின் பக்கம் திரும்பியது. "இஞ்ச எல்லாம் காயுது, இவளின்ர வாய் மட்டும் காயேல்ல" என்று முணுமுணுத்தாள் மாக்கிறட்.

துணிவு என்பது மலிவாகச் செலவழிக்கப்படும் சொல். ஆனால் பத்துப் பேரின் சிரிப்புக்கு நடுவே விழுங்கிய குளிசையை மறுநாளும் அதே இடத்தில் விழுங்குவதற்கு வேறு சொல் கிடைப்பது கடினம். இரத்தம் மண்ணிற நாட்களில் மட்டும், சொன்னபடியே, குறைவாக வந்தது. ஒருநாள் மழை இருட்டி, மீனை அள்ளும் அவசரத்தில் அவள் மறந்துபோனாள். பின்னாலிருந்து மாக்கிறட்டின் குரல்: "பிள்ளை, பத்து மணி! வலை பொத்தேல்லையோ?"

இருபத்துமூன்று அட்டைகள் முடிந்தன. சின்னவனுக்கு மூன்று வயது. ஜெசிக்காவின் வயிற்றில் தழும்பு ஆறி வெளுத்திருந்தது.

"இனி நிப்பாட்டலாம்தானே, ஜெசி?" என்று கேட்டான் டிலக்‌ஷன்.

"நிப்பாட்டினா முட்டை திரும்ப வரும். எப்ப நிப்பாட்டுறது எண்டு நான் சொல்லுறன்."

அவன் தாயைப் பார்த்தான். மாக்கிறட் மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "அவள் சொல்லுவாள் மோனே. நீ போய் படகுக்கு ஐஸ் ஏத்து."