சாவு வீட்டுக் கேசட்டில் இரண்டு இதயங்கள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பாக்கியலெட்சுமி, பண்டாரவளையில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் கேசட்டுகளுக்குப் பெயர் போடுகிறவள். டீவியோடு பொருத்தும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. முதலாளியின் மச்சான் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. அதில் அடித்தால் திரையில் மணமக்கள் பெயருக்கு மேலே இரண்டு இதயங்கள் பறந்துவந்து ஒட்டிக்கொள்ளும். அவை இல்லாத கல்யாணக் கேசட்டை யாரும் வாங்கமாட்டார்கள்.

1997 மழைக்காலத்தில் கம்ப்யூட்டரின் ஃப்ளொப்பி டிரைவ் செத்தது. அந்த ரகம் எங்குமே கிடைக்கவில்லை. ரேடியோ திருத்தும் ஹுமைத், புதுக் கம்ப்யூட்டர்களுக்கான டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து, கம்பிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினான்.

“பழசவிட ரெட்டிப்பு புடிக்குமாம் அக்கா. பெரிய சாமான்.”

பெரிய சாமான் அவளுடைய டிஸ்க்குகள் எதையும் படிக்கவில்லை, கம்ப்யூட்டரோடு வந்த ஒன்றைத் தவிர. அதில் இருந்தவை அந்த இதயங்கள்.

அன்றைக்கென்று பொன்னையா கங்காணியின் சாவு வீட்டுக் கேசட் காத்திருந்தது. வர முடியாமல் போன மகனுக்கு, மறுநாள் கட்டார் போகிறவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். சாவுக்குப் போடும் விளக்குப் படம் வேறு டிஸ்க்கில். பெயரை மட்டும் போடலாமென்றால், இதயங்கள் ஒட்டிய பிறகுதான் எழுத்தே வந்தது.

கேசட் வாங்க வந்த கங்காணியின் மனைவி கருப்பம்மா அதைத் திரையில் பார்த்துவிட்டாள்.

“மன்னிச்சுக்கங்கம்மா, மெஷின் கோளாறு. பேரில்லாமலே தந்துர்றேன்.”

“எம்பேரையும் பக்கத்துல போட முடியுமா புள்ள?”

“இது சாவுக் கேசட்டும்மா.”

“தெரியும். எங்க கல்யாணத்துல ஒரு போட்டோகூட எடுக்கல. தாலி கட்டுன கையோட, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாரு.”

பாக்கியலெட்சுமி போட்டுக்கொடுத்தாள்.

அடுத்த கிழமை ஹுமைத் கோளாறைக் கண்டுபிடித்தான். கடையில் வாங்கிய டிஸ்க்குகளின் மூலையில் கூடுதலாக ஓர் ஓட்டை இருந்தது. பழைய டிரைவ் அதைக் கண்டுகொள்ளாமல் எழுதிவந்தது. புதியதோ ஓட்டையைக் கண்டதும் பெரிய டிஸ்க் என்று எண்ணி வேறு விதமாகப் படித்தது. ஓட்டையைக் கறுப்பு டேப்பால் மூடியதும் எல்லாம் ஓடின. ரெட்டிப்புப் பிடிக்கும் டிரைவ், கண்ணைக் கட்டிய பிறகே பாதி வேலைக்காவது உதவியது.

விளக்குப் படமும் திரும்பி வந்தது. ஆனால் கருப்பம்மா தனக்கென்று வாங்கிவைத்த பிரதியைத் தோட்டத்தில் பார்த்தவர்கள் விளக்கு வேண்டாம் என்றார்கள்.

“கங்காணிக்குப் போடுவீங்க, எங்கப்பாவுக்குப் போட மாட்டீங்களா?” என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அவருக்கும் போட்டாள். பிறகு எல்லாருக்கும் போட்டாள்.

தை மாதம் கல்யாணப் பெண்ணின் தகப்பன் ஒருவர் திரையைப் பார்த்துப் பதறினார்.

“என்னங்க இது, சாவு வீட்டுப் படத்தப் போடுறீங்க? நல்ல காரியம், ஒரு விளக்கு வைங்க.”

2003இல் ஸ்டூடியோ சீடிக்கு மாறியது. முதலாளி பாக்கியலெட்சுமியைக் கமராவோடு வெளியே அனுப்பினார். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாண வீடுகளில் சாப்பாடும் கிடைத்தது.