மார்த்தா தேத்தண்ணி குடிக்கிறாள்

சிறி எண்டு நாங்கள் கூப்பிடுற ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் படம் கீறத் தெரியும். ஆனா ஒரு பொம்பிளை முகம்தான் கீறத் தெரியும். பகிடிக்குச் சொல்லேல்லை. லண்டன் லூயிஷாமிலை நான் நடத்துற மாசப் பத்திரிகைக்கு அவன்தான் ஓவியர். சம்பளம் கிடையாது. வேலை பெற்றோல் ஸ்ரேசனிலை. சனம் வராத நேரம் கல்லாவுக்குப் பின்னாலை நிண்டு பில் கடதாசியிலை கீறிக்கொண்டிருப்பான்.

2008இலை நான் ஒரு பழைய இங்கிலிஷ் நாவலைத் தமிழாக்கித் தொடராப் போடத் தொடங்கினன். விக்டோரியா மகாராணி காலத்துக் கதை. வெளிச்சவீட்டுக் காவல்காரன்ரை மகள் மார்த்தா, கடைசிப் பாகத்திலை காய்ச்சல் கண்டு சாகிறாள். அந்தக் காலத்து விமர்சகர்மார் என்ன சொன்னவை எண்டு லைப்ரரிப் புத்தகத்தின்ரை முன்னுரையிலை கிடந்தது. "இந்தப் பெட்டையைச் சாக்காட்ட என்ன அவசியம், கண்ணீரை வித்துக் காசாக்கிறான்" எண்டு, நாவலை எழுதினவனைக் கிழிகிழியெண்டு கிழிச்சிருக்கினம். ஆனா அவள் கட்டிலிலை செத்துக் கிடக்கிற படத்தை மட்டும் ஆகா ஓகோ எண்டு புகழ்ந்து, வீட்டுக்கு வீடு சட்டம் போட்டுத் தூக்கினவையாம். என்ன சனமோ.

சிறி அந்தப் புத்தகத்திலை இருந்த பழைய படங்களைப் பாத்துச் சட்டை, தொப்பி, குதிரை வண்டி எல்லாம் அச்சொட்டாக் கீறினான். முகம்தான் வில்லங்கம். எங்கடை விமர்சகர்மாரும் லேசுப்பட்ட ஆக்களில்லை. எங்களுக்கு விளம்பரம் தாற பலசரக்குக் கடை யோகராஜா அண்ணை, சிவன் கோயில் வாசலிலையே என்னைப் பிடிச்சிட்டார்.

"தங்கச்சி, உது வெள்ளைக்காரி எண்டு ஆர் சொன்னது? சட்டை லண்டன், முகம் கிளிநொச்சி."

எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. அண்டைக்கே சிறியைப் பிடிச்சு ஏசினன். "நாய்க்கு எங்கை அடிச்சாலும் காலைத்தான் தூக்குமாம். மகாராணியைக் கீறச் சொன்னாலும் நீ உந்த முகத்தைத்தான் கீறுவாய்."

அவன் பேர்சுக்குள்ளை இருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினான். மனிசி சுகந்தமலர். கலியாணம் கட்டின கையோடை இவன் இஞ்சை வந்திட்டான். அகதிக் கேஸ் முடியாததாலை அவளைக் கூப்பிடவும் ஏலேல்லை, போய்ப் பாக்கவும் ஏலேல்லை. அவள் கிளிநொச்சியிலையே இருந்திட்டாள்.

"வேறை முகம் வருதில்லை அக்கா," எண்டான்.

பிறகு 2009 பிறந்தது. கிளிநொச்சி ஆமியிட்டை விழுந்து, சனமெல்லாம் கிழக்காலை ஓடிச்சுது. தை மாசம் சுகந்தமலர் தருமபுரத்திலை இருந்து ஒருக்காப் போனிலை கதைச்சவள், அதோடை சரி. சிறி வேலை முடியப் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னாலை போய்ச் சனத்தோடை நிண்டு, சண்டையை நிப்பாட்டு எண்டு கத்துவான். தொண்டை கட்டி வந்து மார்த்தாவைக் கீறுவான். மார்த்தாவுக்கோ மாசத்துக்கு மாசம் காய்ச்சல் கூடுது. நான் என்ன செய்ய, எழுதினவன் அப்பிடி எழுதி வைச்சிட்டான். வைகாசியிலை சண்டை முடிஞ்சுது எண்டாங்கள். வவுனியா முகாமிலை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம் எண்டு ஆர் சொன்னாலும் அவன் அவையிட்டை விசாரிக்க ஓடுவான். அவளை ஒருத்தரும் காணேல்லையாம்.

அடுத்த மாசம் கடைசிப் பாகம். மார்த்தா சாகவேணும்.

"தம்பி, நான் முடிவை மாத்திறன்," எண்டன். "எழுதினவன் செத்து நூறு வருசம். எழும்பி வந்து என்னோடை சண்டை பிடிக்கவே போறான்?"

"வேண்டாம் அக்கா. அவர் எழுதினதை நீங்கள் எழுதுங்கோ."

"அப்ப படமில்லாமல் போடுவம்."

"இல்லை, நான் கீறித் தாறன்."

அச்சுக்குக் குடுக்கிற அண்டைக்கு ஒரு என்வலப்பிலை தந்திட்டு, நிக்காமல் வேலைக்குப் போட்டான். திறந்து பாத்தன். பழைய படத்திலை இருக்கிற அதே கட்டில், அதே யன்னல், அதே மெழுகுதிரி. ஆனா மார்த்தா எழும்பித் தலாணியிலை சாய்ஞ்சு இருக்கிறாள். எங்கடை எவர்சில்வர் பேணியை ரெண்டு கையாலையும் பிடிச்சுத் தேத்தண்ணி குடிக்கிறாள். முகம் அதே முகம். எனக்கு ஏச வாய் வரேல்லை, அழுகைதான் வந்தது. லண்டனிலை இருந்துகொண்டு அவனாலையும் என்னாலையும் அவளுக்கு வேறை என்ன செய்ய ஏலும்? மார்த்தா கண்ணை மூடினாள், பிறகு திறக்கேல்லை எண்ட வரிக்குப் பக்கத்திலை அப்பிடியே போட்டன்.

பத்திரிகை கடைக்குப் போன அண்டைக்கே யோகராஜா அண்ணை போன் எடுத்தார்.

"என்ன விசர்வேலை இது தங்கச்சி? எழுத்திலை செத்துப்போனாள், படத்திலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறாள். வாசிக்கிறவன் எதை நம்புறது?"

"படத்தை நம்புங்கோ அண்ணை."

கடையிலை ஆரோ அரிசி விலை கேக்கிற சத்தம் கேட்டுது. அவர் குரலைத் தாழ்த்தி,

"உது சிறியின்ரை மனிசியோ?" எண்டார்.

"ஓம்."

"ஏதும் செய்தி வந்ததே?"

"இல்லை அண்ணை."

"அப்ப குடிக்கட்டும்," எண்டிட்டுப் போனை வைச்சார்.