பாதி மதகும் எங்கள் அண்ணையும்

ஆண்டவருடைய கையில் எங்கள் அண்ணையை ஒப்புக்கொடுத்து இன்றோடு ஒரு வருடம். இந்த நினைவு மலரை வாங்கி வாசிக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கச்சி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதித் தர, மகள் கணினியில் அடிக்கிறாள். "அம்மா, மாமா மினிஸ்ரரா இருந்து என்ன வேலை செய்தவர் எண்டு முதல்ல எழுதுங்கோ. சனம் அதைத்தான் தேடி வாசிக்கும்" என்றாள். நான் பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன். அண்ணை வடக்கு மாகாணத்தில் அமைச்சராக இருந்தவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். அந்தக் குழப்பத்தோடேயே எழுதுகிறேன்.

அண்ணை மன்னார்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா கடலோடு போனபின் மீன் வாடியில் வேலை செய்து, படித்து, ஆசிரியரானார். போரில் இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் நகை நட்டைக் கட்டிக்கொண்டு நடக்க, அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சான்றிதழ்களை உரப்பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முகாமில் காய்ச்சல் வந்து அண்ணையின் மனைவி, என் மச்சாள், கண்ணை மூடினா. பிள்ளைகள் இல்லை. அண்ணை மறுமணம் செய்யவுமில்லை. பிறகு ஊர்ச் சனம் கேட்டுத் தேர்தலில் நின்றார், வென்றார். வீதி வேலைகளைப் பார்க்கும் அமைச்சு அவர் கைக்கு வந்தது. பதவி ஏற்ற அன்றைக்கு எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, எனக்காகச் செபிச்சுக்கொள். எனக்கு இந்த வேலை தெரியாது."

நான் அதைப் பணிவு என்று நினைத்தேன்.

இங்கே மொன்றியலில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுப்பார்கள். அங்கே வைத்துத்தான் றெஜினா அக்கா கேட்டா. அக்காவும் நானும் ஒன்றாக அலுவலகத் துப்புரவு வேலைக்குப் போனவர்கள், பூசையில் ஒரே வாங்கில் இருப்பவர்கள். அவவின் அம்மா ஊரில் தனியே இருந்தா. அந்த வீட்டு ஒழுங்கையில் வாய்க்காலைக் கடக்கிற சின்னப் பாலம், மதகு, உடைந்து கிடந்தது. மாரி வந்தால் அதன் மேலால் வெள்ளம் பாயும். ஆசுபத்திரிக்கோ கோயிலுக்கோ போவதென்றால் அந்த மனுசியைக் கதிரையில் இருத்தித் தூக்கித்தான் கடக்க வேண்டும்.

"உங்கட அண்ணைதானே இப்ப ரோட்டு மந்திரி. ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"இதென்ன பெரிய வேலையே அக்கா? அடுத்த மாரிக்கு முதல் மதகு நிக்கும்" என்றேன்.

கேட்டது கிடைக்கும் என்ற விசுவாசத்தில் முன்கூட்டியே நன்றிப் பூசை கொடுப்பது எங்களிடம் உள்ள பழக்கம். அடுத்த ஞாயிறே றெஜினா அக்கா கொடுத்துவிட்டா. 'மதகு கிடைத்ததற்காக நன்றி' என்று பங்குச் சுவாமி பீடத்தில் வாசித்தார். நான் தலை நிமிர்ந்து இருந்தேன். அண்ணையிடம் அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

அந்த வருடம் ஊருக்குப் போனேன். விடியமுன்பே அண்ணையின் முற்றம் நிறையச் சனம் நிற்கும். அண்ணை ஒவ்வொரு கடிதத்தையும் கொண்டுவந்தவருக்கு முன்னாலேயே சத்தமாக வாசிப்பார். "இது சரியோ?" என்று கேட்காமல் கையெழுத்து வைக்கமாட்டார்.

"'பரம ஏழை' எண்டு எழுதியிருக்கு. நீர் மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கினதைப் பாத்தனான்."

"அது மச்சான்ர சைக்கிள், ஐயா!"

"கடிதம்?"

"அதுவும் மச்சான்தான் எழுதினவர்."

"அப்ப 'பரம' எண்டதை வெட்டுவம். ஏழை நிக்கட்டும்."

முற்றம் முழுக்கச் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

மதகுக் கதையை எடுத்தபோது, அண்ணை என்னைத் தன் வாகனத்தில் ஏற்றி அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சை பார் தங்கச்சி. இந்தக் கரை வரைக்கும் மாகாணத்தின்ர ரோட்டு. அந்தக் கரையில இருந்து பிரதேச சபையின்ர. மதகு நடுவில கிடக்கு. நான் கட்டினா, அவையின்ர இடத்தில ஏன் கட்டினனீ எண்டு கேள்வி வரும். அவை கட்டினா, என்ர இடத்தில ஏன் கட்டினதெண்டு அவைக்கு வரும்."

"அப்ப உங்கட பாதியைக் கட்டுங்கோவன்."

"பாதி மதகில ஆர் நடக்கிறது?"

"நன்றிப் பூசையும் குடுத்தாச்சு அண்ணை!"

"மதகுக்கோ?"

"ஓம்."

"கட்ட முன்னமோ?" என்று கேட்டார். "அப்ப கடவுளின்ர மேசையிலயும் ஒரு பைல் கிடக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் காலை, முற்றத்தில் அவ்வளவு சனத்துக்கும் முன்னால், "பேர்தான் மந்திரி. ஒரு மதகு கட்ட ஏலாத மந்திரி" என்று சொல்லிவிட்டேன். அண்ணை குனிந்து அடுத்த கடிதத்தை வாசிக்கத் தொடங்கினார். அந்தச் சொல்லை நான் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணையிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பி வந்து றெஜினா அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "பரவாயில்லை" என்றா. அடுத்த ஞாயிறு தூணுக்குப் பக்கத்து வாங்கில் போய் இருந்தா. பிறகு எத்தனையோ மாரி போனது. அவ அங்கேயே இருந்தா, நான் இங்கேயே இருந்தேன்.

பதவிக்காலம் முடிந்து அண்ணை என்னைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில் சிறுநீரக வருத்தம் கூடி, திரும்பிப் போக முடியாமல் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலேயே தங்கிவிட்டார். முதல் ஞாயிறு கோயிலுக்குள் கால் வைத்ததும், "ஆர் அந்த மதகு மனுசி?" என்று கேட்டார். நான் கண்ணால் காட்டினேன். என்னை விட்டுவிட்டு அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டார். பூசை முடிய அவவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குசினி மேசையில் வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"நீங்கள் இப்ப மந்திரி இல்லையே?"

"மந்திரியா இருக்கேக்க மற்றவை எனக்கு எழுதினவை. இப்பதான் நான் எழுதலாம்."

எழுதி முடித்து, ஊரில் செய்ததுபோல் சத்தமாக வாசித்தார். றெஜினா அக்கா இடையில் மறித்தா.

"நாலு பேர் தூக்கினம் எண்டு போடாதேங்கோ. ஊரில இப்ப ஆக்களில்லை. ரெண்டு பேர்தான்."

அண்ணை வெட்டி எழுதினார். ஒன்று மாகாணத்துக்கு, ஒன்று பிரதேச சபைக்கு. மாதம் ஒருமுறை இரண்டு கடிதம். மூலையில் இருக்கும் டெப்பனர் என்ற சில்லறைக் கடையில்தான் பிரதி எடுப்பார். அந்தப் பஞ்சாபிக் கடைக்காரர் "பொன்ஜூர், மினிஸ்ரர்" என்று கதவைத் திறந்து விடுவார். இதைக் கேள்விப்பட்டு, பிறப்புப் பத்திரம் வராதவர்கள், காணி உறுதிப் பத்திரம் தொலைத்தவர்கள் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஊரில் முற்றத்தில் நின்ற கூட்டம் இங்கே எங்கள் படிக்கட்டில் பனிச் சப்பாத்தோடு நின்றது. பதவி இருந்தபோது அமைச்சரா, இல்லாதபோதுதான் அமைச்சரா என்று எனக்கு விளங்கவில்லை.

மதகுக் கடிதங்களுக்கு இரண்டே பதில்தான் வந்தன. உரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று இரண்டு இடமும் மற்ற இடத்தைக் காட்டியிருந்தன.

கடைசி நாட்களில் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தும், "பதில் வந்ததோ?" என்று கேட்பார். "வரும் அண்ணை" என்பேன். அன்றைக்கு முற்றத்தில் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு போவேன். ஊசி போட வருவார்கள், அல்லது அவர் அயர்ந்து போவார். சுவாமியிடம் நோயில் பூசுதல் பெற்று, நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார்.

இந்த மலருக்கு எழுதத் தொடங்கிய கிழமை றெஜினா அக்கா மூச்சு வாங்க மூன்று மாடியும் ஏறி வந்தா. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினா. புது மதகு. அதன் நடுவில் அவவின் அம்மா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறா.

"உங்கட அண்ணைதான்" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா.

நான் மாகாண அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். "அது பிரதேச சபை கட்டியிருக்கும் அம்மா" என்றார்கள். பிரதேச சபைக்கு எடுத்தேன். "நாங்கள் இல்லை அம்மா, அது மாகாணத்தின்ர வேலையா இருக்கும்" என்றார்கள். மதகில் ஒருவருடைய பெயரும் இல்லையாம். கடைசியில் றெஜினா அக்காவின் அம்மாவிடமே கேட்டோம்.

"ஆரோ வந்தவை பிள்ளை. மூண்டு கிழமை நிண்டவை, கட்டிப்போட்டுப் போயிட்டினம். ஆரெண்டு கேட்டு என்ன? எனக்குக் காலில சேறு படேல்லை."

"மாமா கட்டுவிச்சவர் எண்டே போடுவம் அம்மா" என்று மகள் சொன்னாள். றெஜினா அக்காவும் "போடுங்கோ, போடுங்கோ" என்றா. எனக்கும் ஆசைதான். ஆனால் நான் அதை அண்ணைக்கு முன்னால் வாசிப்பதாக நினைத்துப் பார்த்தேன். "இது சரியோ?" என்று கேட்பார். எனக்குத் தெரியாதே. ஆகவே தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அண்ணை மாதாமாதம் கடிதம் எழுதினார். மதகு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணையைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், நேரம் பார்க்காமல் வந்து செபித்த சுவாமிக்கும், படியேறி வந்து சாப்பாடு தந்தவர்களுக்கும், ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருந்து வந்து அடக்கத்துக்கு நின்றவர்களுக்கும், கடைசி மாதங்களில் பிரதிக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்றைய பூசையை ஒப்புக்கொடுப்பவர் றெஜினா அக்கா. "நன்றிப் பூசை அப்பவே குடுத்திட்டன். இது உங்கட அண்ணையின்ர ஆத்துமத்துக்கு" என்றா. இன்றைக்கு அவ எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறா.

அந்த மதகைக் கட்டியவர்களே, நீங்கள் மாகாணமோ பிரதேச சபையோ, இந்த மலர் உங்கள் கைக்கு வராது என்றாலும் உங்களுக்கும் நன்றி.

அண்ணை, அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வைத்துத்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் அதை வெட்டிவிடுகிறேன்.

அன்புத் தங்கச்சி,
மொன்றியல்