ரஷ்யாக்காரரின் அம்மா

அந்தக் கதைப் புத்தகத்தை உத்திரமேரூர் நூலகத்தில் எடுத்தேன். வழவழப்பான கெட்டித் தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். எழுதியவரின் பெயர் எங்களில் யார் வாயிலும் நுழையவில்லை. ரஷ்யாக்காரர் என்றே சொல்லிக்கொண்டோம்.

காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் நான் உரக்கப் படிப்பேன். நடவுக்குப் போய்விட்டு வந்த அம்மா உலை வைத்தபடி கேட்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

ரஷ்யாக்காரர் கதையில் வரும் பிள்ளைகள் அடங்காப்பிடாரிகள். பனியில் வழி தவறுவார்கள், காட்டில் ஓநாயின் ஊளை கேட்டு நடுங்குவார்கள். ஆனால் எப்படியும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மாக்காரி திட்டிக்கொண்டே சூடாக எதையாவது ஊற்றிக் கொடுப்பாள். அந்த இடம் வந்தால் அம்மா கிளறுவதை நிறுத்திவிடுவாள். என் அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தன்னைப்போல் அவனும் ஆண்டை நிலத்தில் வேலைக்கு நிற்க வேண்டும் என்றார் நைனா. முடியாது என்று சொல்லிவிட்டு அவன் மெட்ராசுக்குப் போய்விட்டான்.

புத்தகத்தின் கடைசியில் ரஷ்யாக்காரரின் வாழ்க்கையைச் சுருக்கமாகப் போட்டிருந்தார்கள். சின்ன வயதிலேயே பிழைப்புக்காகப் பட்டணம் போனவர். அச்சாபீசில் எடுபிடி வேலை, பிறகு யுத்தம். அந்த நாட்டுப் பிள்ளைகளெல்லாம் அவர் கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஊருக்குத் திரும்பினாராம்.

"அந்தப் புள்ள வந்தப்ப அம்மா இருந்தாளா?" என்று கேட்டாள் அம்மா.

இல்லை, அதற்கு முன்பே இறந்துவிட்டாள் என்று இருந்ததைப் படித்தேன். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது.

மறுநாள் அவள் நடவுக்குப் போகவில்லை. மகனைப் பார்த்துவிட்டு வருவதாக நைனாவிடம் சொன்னாள். அவர் தடுக்கவில்லை. அண்ணன் சைதாப்பேட்டையில் சைக்கிள் கடையில் இருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அம்மாவும் நானும் பஸ் ஏறி, கடை கடையாக விசாரித்து, வெயில் சாயும் நேரத்தில் அவனைக் கண்டுபிடித்தோம். கையெல்லாம் மசகோடு எழுந்து நின்றான். இளைத்திருந்தான்.

அம்மா அழவில்லை. "நான் உசுரோட கீறப்பவே வந்துடுடா" என்றாள்.

ஆண்டை வாசலில் போய் நிற்க மாட்டேன் என்றான் அவன், தலையைக் குனிந்தபடி.

"ஆண்ட வூட்டுக்கு வேணாம். நம்ம வூட்டுக்கு வா."

அவன் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து எங்களை பஸ் ஏற்றிவிட்டான்.

பொங்கலுக்கு வந்தான். நைனா பாயை எடுத்துப் போட்டார். ஒரே ஒரு ராத்திரிதான் தங்கினான். மறுநாள் காலை அம்மா அவனோடு ரோடு வரை நடந்தாள். பஸ் புறப்பட்டுப் போன பிறகும் அவளுக்குத் திரும்ப மனம் வரவில்லை. மெட்ராசிலிருந்து வருகிற பஸ் எந்நேரத்துக்கு என்று அங்கே நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.