சாத்தச் சாத்தத் திறந்த கதவு

“…சாத்தச் சாத்தத் தொறந்துக்குதுங்க கண்ணு. சத்தமே இல்லீங்க. ஆரோ ஒத்த வெரல்ல தள்ளற மாதிரி, மெதுவா.”

காதுக் கவசத்தைக் கழற்றியபோது என் காதில் விழுந்தது இவ்வளவுதான். அதற்கு முன்னால் அந்த அக்கா என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போன வருடம் ஆடி மாதம், உடுமலைப்பேட்டை கடைவீதியில், ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் நடந்தது இது. நல்ல பகல் வேளை. வெளியே தேங்காய் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நாங்கள் இருந்த அறைக்குள் அது எதுவும் கேட்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கான்கிரீட் சுவரை அறுக்கும் மெஷின்களைப் பூட்டுவதும், பராமரிப்பதும், பழுது பார்ப்பதும்தான் பிழைப்பு. எவரிடமும் போய்ப் படித்ததில்லை. பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டிய பிறகு மிஞ்சிக் கிடந்த நட்டுகளைப் பார்த்து முழித்து, அப்படித் தெரிந்துகொண்டதுதான். என்னோடு கூட்டாக வேலை செய்கிறவர் கோட்டைமேட்டு பாய் ஒருவர். ரிமோட்டைப் பிடித்து மெஷினை ஓட்டுவது அவர் பொறுப்பு. அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. மெஷின் ஓடுகிற ரெயிலைச் சுவரில் போல்ட் போட்டு முறுக்கி மரியாதையாக உட்கார வைக்க வேண்டும், ஓடுகிற நேரமெல்லாம் பிளேடுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயாவது ஒரு போல்ட் தளர்ந்தால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பார். இப்படி ஆளுக்கொரு பேச்சு இருக்கும் அல்லவா, அதைக் கேட்டுச் சேர்த்து வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு பைத்தியம்.

அந்தக் கட்டடத்தில் முன்பு ஒரு வங்கி இருந்திருக்கிறது. அடகு நகைகளை வைத்துப் பூட்டிய அறை மட்டும் நாலு பக்கமும் கெட்டியான கான்கிரீட். ஜன்னல் கிடையாது. வங்கி காலியான பிறகு, கட்டடத்துக்காரர் அங்கே சென்னிமலைப் பெட்ஷீட் கடை வைக்க நினைத்தார். ஒரு பக்கச் சுவரை அகலமாகத் திறந்துவிட்டால் எல்லாம் ஒரே ஹாலாகிவிடும் என்றார். மேல்மாடி வீடு தூண்களின் மேல் நிற்கிறது, இந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார். அவர் அப்பா காலத்தில் கட்டியது. மூலைக்கு மூலை தூண்கள் கண்ணுக்குத் தெரியவும் செய்தன.

மெஷின் ஓடும்போது அந்த அறையில் சத்தம் வெளியேற வழியில்லாமல் நம்மையே சுற்றிச் சுற்றி வந்தது. நிறுத்தினால் வரும் அமைதி அதைவிட மோசம். பேசினால் பேச்சு வாயை விட்டுக் கொஞ்ச தூரம் போய் அங்கேயே நின்றுவிட்டது போல இருக்கும்.

காலையிலிருந்தே நான் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெறிக்கும் தண்ணீர்ப் புகைக்கு அப்பால், அறை வாசலில், ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. என்னங்க என்று கேட்க நான் கவசத்தைக் கழற்றுவதற்குள் ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. பாய் பார்த்தாரா என்று கேட்டேன். அவர் கண்ணில் படவேயில்லை.

“லாக்கர் சாவியத் தொலைச்சவங்களா இருக்கும்ங்கண்ணா. பேங்க் காலியானது தெரியாம வந்திருப்பாங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு வாசலுக்கு முதுகு காட்டி நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

மேல்கோடு முழுக்க அறுத்தாகிவிட்டது. அறுத்த வாய்க்குள் வழக்கம்போல இரும்பு ஆப்புகளைக் கையாலேயே சொருகிவிட்டு, ரெயிலைப் பக்கவாட்டுக்கு மாற்றிப் பூட்டினோம். மூலையை நெருங்கும்போது பிளேடு எதிலோ சிக்கினாற்போலத் திணறியது. மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்று பாய் மெஷினை நிறுத்தினார். பிளேடின் பல் தேய்ந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்க்கப்போன நேரத்தில்தான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

மேல்மாடியில் குடியிருப்பவர். ஐம்பதைத் தாண்டிய வயது. தனியாக இருக்கிறாராம். காலையிலேயே வந்ததாகவும், வேலையாக இருப்பவர்களை மெனக்கெடுத்தக் கூடாது என்று திரும்பிப் போய்விட்டதாகவும் சொன்னார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. வீடு பற்றி எரிந்தாலும் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்போம்.

ஆடிக் காற்றாக இருக்கும் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது. வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளியைக் காட்டக் கூப்பிடுவது போல, வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டார். பாயைக் கீழே விட்டுவிட்டுப் போனேன்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சுவரில் தொங்கிய காலண்டர் தாள்கூட அசையவில்லை. அக்கா வாசல் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவு விலகியது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல் வந்து, ஓர் ஆள் நுழையப் போதுமான அளவு திறந்து, நின்றது. அந்தப் பக்கம் வெறும் படிக்கட்டு.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவராம். வெள்ளகோவில் வழியாகக் கரூருக்குச் சரக்கு ஏற்றிப் போய், நேரங்கெட்ட நேரத்தில் வந்து சேருவாராம். இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

“கதவத் தட்டவே மாட்டாருங்க. நான் முழிச்சுக்குவேன்னு இப்படித்தான் மெதுவாத் தள்ளிப்போட்டு வருவாரு” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். கூடத்தில் ஒரு கோரைப்பாய் விரித்து, தட்டில் சோறு போட்டு, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர்.

என்ன தோன்றியதோ, நானே போய்க் கதவைச் சாத்தி உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். மரம் என் கையைத் திரும்பத் தள்ளியது. கையை எடுக்காமலே அண்ணாந்து பார்த்தேன். நிலைச்சட்டத்தின் ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மறு மூலையில் கதவு உரசி, புதிதாகச் சிராய்த்த மரம் மஞ்சளாகத் தெரிந்தது. கீழே பார்த்தேன். வாசற்படியிலிருந்து தரையில் மெல்லிய விரிசல் ஒன்று கிளம்பி, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடியோடு, அந்தச் சோற்றுத் தட்டுக்கு அடியில் போயிருந்தது. அதற்கு நேர் கீழேதான் நாங்கள் அறுத்த சுவர்.

போனில் பாயைக் கூப்பிட்டேன். மெஷினைத் தொட வேண்டாம், கையால் சொருகிய ஆப்பை மட்டும் ஆட்டிப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் அவர் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

“அசைய மாட்டேங்குதுங்கண்ணா. அறுத்த வாயி மூடிக்கிச்சு.”

எதையும் தாங்கவில்லை என்று சொன்ன சுவர் இந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அந்த ஆப்புகள்தான் தாங்குகின்றன. பாயை வெளியே போகச் சொல்லிவிட்டு, அக்காவிடம் உடனே கீழே இறங்க வேண்டும் என்றேன். அவர் நகரவில்லை.

“சோறு போட்டு வெச்சிருக்கேன்ங்க. அவரு வந்த நேரத்துல நான் ஊட்டுல இல்லாமப் போனா நல்லாவாங்க இருக்கும்?”

ஏதாவது பொய் சொல்லிக் கூட்டிப்போயிருக்கலாம். அவர் கீழே இருக்கிறார் என்று சொன்னால்கூட வந்திருப்பார் போலத் தோன்றியது. அந்தப் பொய் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“அக்கா, தள்ளுனது அவருங்க இல்லீங்க. நாங்க கீழ அறுத்ததுல செவுரு எறங்குதுங்க. அதுலதான் கதவு தொறக்குது.”

அவர் கதவையே பார்த்தார். அது மறுபடியும் விலகி, அதே அளவு திறந்து நின்றது. பிறகு செருப்புக்கூடப் போடாமல் அந்த இடைவெளி வழியாகவே வெளியே நடந்தார். படியில் இறங்கும்போது சுவருக்குள்ளிருந்து, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்திலிருந்து இரும்பு முட்டுகளை வாங்கி வந்து, மேல்தளத்துக்கு அடியில் வரிசையாகக் கொடுத்தோம். பிறகு வந்த என்ஜினியர், மாடி கட்டியபோது நடுவில் ஒரு தூணை விட்டுவிட்டு, உத்தரத்தைப் பெட்டக அறைச் சுவரின் மேலேயே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். பக்கவாட்டையும் அறுத்து முடித்திருந்தால் அக்கா சோற்றுத் தட்டோடு எங்கள் தலைமேல் வந்திருப்பார். கட்டடத்துக்காரர் வெளிறிப்போய், கடை சின்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அறுத்த இடத்தை அடைத்து, முட்டுகளுக்குப் பதிலாக நிரந்தரமாக இரும்புத் தூண் நிறுத்திய பிறகுதான் அக்காவை மேலே அனுப்பினோம். அதுவரை எதிர்க்கடைக்காரர் வீட்டில் இருந்தார்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், ரெயிலைப் பூட்டுவதற்கு முன்னால், மேலேயும் பக்கத்திலும் குடியிருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருகிறேன். எது வித்தியாசமாகத் தெரிந்தாலும், நாங்கள் எவ்வளவு வேலையாக இருந்தாலும், வந்து தோளைத் தட்டுங்கள் என்று சொல்கிறேன். ஆனால் அந்த வேலை முடியும்வரை எனக்குள் ஆறாமல் இருந்தது வேறு ஒன்று. உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த அக்காவின் வீட்டுக்காரரை இன்னொரு தரம் நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேனோ என்று. மெஷின் சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று, நிலைச்சட்டத்தை நிமிர்த்தவும் கதவை இழைக்கவும் ஒரு தச்சர் வந்தார். அக்கா மாடிப்படியிலேயே அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று டம்ளரை வாங்கிக்கொண்டு, கதவு இப்படியே இருக்கட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவைத்தார்.